பதினொரு கெம்போஜா மரங்கள்

ஆண்டுக்கு ஒரு முறை எங்கள் பழைய பல்கலைக்கழகப் புலத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். சூழலியல், நிலவடிவமைப்பு, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் படிப்பு என்று மூன்றையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்திருந்த புலம் அது. படித்து முடித்துப் போனவர்கள் இப்போது என்ன வேலை செய்கிறார்கள் என்று எண்பது சொல்லுக்குள் எழுதி அனுப்ப வேண்டும். கூடவே ஒரு படம், சிரித்த முகமாக. எல்லாவற்றையும் தொகுத்து நமக்கே திருப்பி அனுப்புவார்கள். இருபது வருடத்தில் நான் ஒரு வரி எழுதிக் கொடுத்ததில்லை. ஆனால் ஓர் இதழைக்கூடப் படிக்காமல் விட்டதில்லை. எரிச்சல்பட்டுக்கொள்ள அதைவிட வசதியான வாசிப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த இதழில் யாருக்கும் வேலை போவதில்லை. வேலை போனவன் 'புதிய சவால்களைத் தேடி' வெளியேறியிருப்பான். சதுப்பு நிலத்துப் பறவைகளை ஆராய்ந்தவள், சதுப்பு நிலத்தை மண் கொட்டி நிரப்பும் கம்பெனியில் ஆலோசகராக இருப்பாள். அதற்காகப் பெருமைப்படுகிறாள் என்றும் போட்டிருப்பாள். எல்லாரும் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிவிட்டு 'அவர்' என்று குறிப்பிட்டுக்கொள்வார்கள். 'அவர் தற்போது குடும்பத்துடன் வசிக்கிறார்' என்று முடிப்பார்கள். வேறு யார் குடும்பத்துடன் வசிப்பது என்று நான் திரையைப் பார்த்துக் கேட்பேன். வீட்டில் யாரும் இப்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பதில்லை.

என் பிழைப்பு மட்டும் யோக்கியமா என்று கேட்டால், இல்லை. நான் சூழலியல் படித்தவள். ஜொகூர் பாருவில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் இருக்கிறேன். ஓர் இடத்தில் கட்டடம் எழுப்புவதற்கு முன்னால் அங்கே என்ன மரம் நிற்கிறது, என்ன பறவை வருகிறது, ஓடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நடந்து பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்வதற்காக என்னை யாரும் கூப்பிடுவதில்லை. வேண்டாம் என்று எழுதினால் அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். இது எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

போன வருட இதழில் இரண்டு பேருடைய குறிப்புகள் அக்கம்பக்கமாக வந்திருந்தன. ஒருவன் நிலவடிவமைப்பு படித்தவன். காஹாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, இப்போது தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். லாயாங் லாயாங் அருகே கைவிடப்பட்ட ஒரு தோட்டத்துத் துரை பங்களாவை விடுதியாக மாற்றும் திட்டத்தில், வெட்டப்படவிருந்த பதினொரு முதிர்ந்த கெம்போஜா மரங்களை வேரோடு மீட்டு நுழைவாயிலில் மறுவாழ்வு அளித்தார் என்று தன்னைப் பற்றி எழுதியிருந்தான். இன்னொருத்தி கட்டடப் பாதுகாப்பு படித்தவள். அதே பங்களாவின் தரை ஓடுகளை ஒன்று விடாமல் காப்பாற்றியிருந்தாள். ஓடுகளின் மேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் குறிப்பின் கடைசியில், எங்கள் வகுப்புத் தோழி ஒருவரின் சூழலியல் அறிக்கை இதற்கு வழிகாட்டியது என்று ஒரு வரி. அது நான். சும்மா சொல்லக்கூடாது, அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

அந்த இடத்தை நான் நடந்து பார்த்தது அதற்கு மூன்று வருடத்துக்கு முன்னால். இரண்டு நாள் வேலை, முழங்கால் வரை அட்டைக்கடி. தொழிலாளர் குடியிருந்த லயங்களை எப்போதோ இடித்துவிட்டு அந்த இடத்தில் எல்லாம் எண்ணெய்க்குச் செம்பனை நட்டிருந்தார்கள். பங்களா மட்டும் கூரை இல்லாமல் மேட்டில் நின்றது. பங்களாவுக்குப் பின்னால் ஓடைப் பக்கமாக, செம்பனை நடாமல் விட்ட ஒரு சின்னத் திட்டு. அதில் பதினொரு கெம்போஜா. ஈழத்தலரி என்றும் சொல்வார்கள், வெள்ளை இதழும் நடுவில் மஞ்சளுமாக எல்லாருக்கும் தெரிந்த மரம்தான். வரிசையாக இல்லை, இங்கே ஒன்று, அங்கே இரண்டு என்று நின்றன. ரோட்டோரக் கால்வாய்க் கரையைக்கூட விடாமல் செம்பனை நடுகிற கம்பெனி, இந்தத் திட்டை மட்டும் ஏன் விட்டது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மழை வருகிற மாதிரி இருந்தது.

ஒவ்வொரு மரத்திலும் எண் போட்ட அலுமினியத் தகட்டை வைத்து ஆணி அடித்தேன். சுற்றளவு எடுத்தேன். ஜிபிஎஸ் கருவியில் இடத்தைக் குறித்தேன். துருப்பிடித்த பால் டின் ஒன்று, உடைந்த அகல் ஒன்று, இரண்டு மூன்று பாட்டில்கள் கிடந்தன. அவற்றைக் குப்பை என்று எழுதினேன். அட்டவணையில் பதினொரு வரிசையிலும் ஒரே வாசகம்: அயல் இனம். மனிதர் நட்டது. சூழலியல் மதிப்பு இல்லை. அகற்றலாம். முதல் வரிசையில் எழுதிவிட்டு மற்ற பத்துக்கும் நகல் எடுத்து ஒட்டினேன்.

எங்கள் குடும்பம் குளுவாங் டவுனில் இருந்த கத்தோலிக்கக் குடும்பம். எங்களுக்குக் கல்லறை என்றால் சிமெண்ட், சிலுவை, பெயர், இரண்டு தேதி. நவம்பர் மாதம் போய் புல் பிடுங்கி, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவோம். தோட்டத்து ஆட்கள் எப்படிப் புதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வீட்டில் யாரும் விடவில்லை. தோட்டத்து ஆள் என்பது எங்கள் வீட்டில் திட்டுகிற சொல்லாக இருந்தது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. தெரியாதவள் தெரியாது என்றுதான் எழுதியிருக்க வேண்டும்.

இதழ் வந்து ஒரு வாரம் இருக்கும். தீபாவளிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. எங்கள் அலுவலக வரவேற்பில் இருக்கும் மலாய்ப் பெண் என் மேசைக்கு வந்து, உங்கள் ஆள் ஒருத்தர் வந்திருக்கிறார், அவர் சொல்வது எனக்குப் புரியவில்லை என்றாள். போய்ப் பார்த்தேன். ஐம்பத்தைந்து வயதுக்குக் கிட்டே ஓர் அம்மா. செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை செய்கிறவர். சட்டையில் அந்த அடையாள அட்டை தொங்கியது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் பூவும் ஒரு பாக்கெட் பாலும். கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். விடுதி வாசலில் திட்டத்தில் பங்கெடுத்தவர்களைப் பட்டியல் போட்ட பலகை. அதில் எங்கள் நிறுவனத்தின் பெயர்.

"மேடம், இந்த எடத்த பாத்து எழுதிக் குடுத்தது நீங்கதானா?"

"ஆமாக்கா. அறிக்கை நாங்கதான் குடுத்தோம். என்னா விஷயம்?"

"எங்க புள்ளைய அங்கதான் பொதைச்சிருக்கோம்."

என் குரல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கவுன்ட்டரில் இருக்கிற எவரும் பேசுகிற குரல். "அங்க கல்லறை ஒன்னும் இல்லியேக்கா. ரெண்டு நாள் நடந்து பாத்தேன்."

"கல்லற இல்ல மேடம். மரம். செத்த ஆளுக்கு ஒரு மரம், தலமாட்டுல நட்டு வைப்போம். சிமெண்டுக்கு எங்க போறது? கல்லு வெச்சா ட்ராக்டர் ஏத்திட்டுப் போயிருவான். மரம்னா பாத்து விட்டுருவான்னு நட்டோம். விட்டான்தானே, அத்தன வருசம்?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க தமிழாளுதானே? பாத்தா தெரியலியா ஒங்களுக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல்தான் வந்தது; அதை மறைக்கப் போவதில்லை. வரவேற்பறையில் மற்றவர்கள் எதிரில் என்னை இப்படிக் கேட்கலாமா என்று வந்தது. உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன், அதுவும் பாதி மற்றவர்கள் பார்க்கிறார்களே என்பதற்காக.

அவர் சொன்னது இவ்வளவுதான். அவருக்கு அப்போது இருபது வயது. எட்டு மாதப் பெண் குழந்தை, காய்ச்சல் வந்து இரண்டே நாளில் போய்விட்டது. புதைத்த இடத்தில் புருஷன் ஒரு கெம்போஜாக் கொம்பை ஊன்றினான். அது பிழைத்துக்கொண்டது. பிறகு தோட்டத்தை விட்டு எல்லாரும் வெளியேறினார்கள். புருஷனும் போய்ச் சேர்ந்தான். வருடா வருடம் தீபாவளிக்கு முன்னால் இவர் மட்டும் பஸ் பிடித்து, மீதியை நடந்து போய், மரத்தடியில் பால் ஊற்றிவிட்டு வருவார். இரண்டு வருடமாகத் தகரம் அடித்து மறைத்திருந்ததால் உள்ளே போக முடியவில்லை. இந்த வருடம் தகரம் இல்லை. போனால் புல்தரை, வெள்ளை நாற்காலிகள். வாசலில் நின்ற பாதுகாவலர் இவரைப் பார்த்துவிட்டு, துப்புரவு ஆட்களுக்கு வழி பின்பக்கம் என்று கை காட்டியிருக்கிறார்.

"மரத்த எங்க வேணும்னாலும் கொண்டு போவட்டும். நான் சண்டைக்கு வரல. எங்க புள்ள எங்க இருக்கு? அத மட்டும் சொல்லுங்க. அது போதும்."

அந்தத் திட்டை அளந்து வைத்திருப்பது உலகத்தில் நான் ஒருத்திதான். நிலவரைபடத்தில் அது செம்பனை. கட்டடப் பாதுகாப்புக்காரியின் அறிக்கையில் 'பின்புறத்தில் கட்டுமானம் எதுவும் இல்லை'. பதினொரு மரமும் எங்கெங்கே நின்றன என்பது என் அட்டவணையில் மட்டும்தான் இருக்கிறது. மதிப்பு இல்லை என்று நான் ஒட்டி வைத்த அதே அட்டவணையில். அவர் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, கூப்பிடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

அன்று மத்தியானமே, மரங்களை மீட்ட காஹாங்காரனை அழைத்தேன்.

"டேய், அந்த கெம்போஜா. அது என்னா எடம்னு தெரியுமா ஒனக்கு?"

மறுமுனையில் அவன் ஒரு கதவைச் சாத்துவது கேட்டது. அந்தக் கதவுச் சத்தத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"தெரியும்," என்றான்.

"தெரியுமா?"

"நான் எஸ்டேட்ல பொறந்தவன் லா. பாத்தவொடனே தெரியாதா? எங்க ஐயாவுக்கும் அப்படித்தான் நட்டு வெச்சோம்."

"அப்புறம் ஏண்டா வாயத் தொறக்கல?"

"என்னாத்த தொறக்குறது? நீ ரிப்போர்ட்ல ஒன்னுமில்லன்னு போட்டுட்டே. ஒனக்கே தெரியும்னு நெனச்சேன். தெரிஞ்சேதான் நீ போட்டேன்னு நெனச்சேன். ஒன் ரிப்போர்ட்ட மீறி நான் சொன்னா புரோஜெக்ட் நிக்கும், எல்லாரும் என்னய பாப்பான். அதான் மரத்தையாச்சும் காப்பாத்துவோம்னு பேசி வாங்கினேன். ஹோட்டல்காரன் வெட்டிப் போடச் சொன்னான், தெரியுமா?"

"தோண்டினப்ப என்னா வந்துச்சு?"

"ஒன்னும் வரல. மண்ணுதான். நீதானே சூழலியல் படிச்சே? இந்த மண்ணுல என்னா இருக்கும் இத்தன வருசத்துக்கு அப்புறம்?"

அவன் சொன்னது சரி. இந்தப் புளிப்பு மண்ணில், இந்த மழையில், எட்டு மாதக் குழந்தையின் எலும்பு தங்காது. அது எனக்கு அவனைவிட நன்றாகத் தெரியும். சரியாகச் சொன்னதற்காகவே அவனை அடிக்க வேண்டும்போல் இருந்தது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவனும் திட்டினான். அவன் பார்த்தும் சும்மா இருந்தான், நான் பார்த்தும் பார்க்கவில்லை. இதில் எது மோசம் என்று இன்றுவரை என்னால் முடிவு பண்ண முடியவில்லை. முடிவு பண்ண முடியாததால் அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டேன்.

மறுநாள் முதலாளியிடம் போய், அறிக்கையைத் திருத்த வேண்டும் என்றேன். அவர் நல்ல மனிதர், குரலை உயர்த்த மாட்டார். எழுத்தில் எதையும் கொடுக்காதே, அந்த அம்மா மனு எதுவும் கொடுக்கவில்லையே என்றார். நான் எழுத்தில் கொடுத்தேன். அது எந்த மேசையில் இருக்கிறது என்று இன்னும் தெரியவில்லை.

அதே ஆத்திரத்தில் புலத்தின் இதழுக்கும் என் முதல் குறிப்பை அனுப்பினேன். சென்ற இதழில் மறுவாழ்வு பெற்றதாகச் சொல்லப்பட்ட மரங்கள் ஓர் இடுகாட்டின் அடையாளங்கள். அந்த இடுகாடு எங்கள் மூன்று துறைகளின் மூன்று அறிக்கைகளுக்கும் நடுவே காணாமல் போயிற்று. அதில் முதல் அறிக்கை என்னுடையது என்று எண்ணி எண்பது சொல்லில் எழுதினேன். தொகுப்பாளர் மரியாதையாகப் பதில் போட்டிருந்தார். இளைய மாணவர்கள் படிப்பார்கள் என்பதால் சற்று ஊக்கமூட்டும் விதமாக மாற்றித் தர முடியுமா என்று கேட்டிருந்தார். சிரித்த முகமாக ஒரு படமும் கேட்டிருந்தார். நான் எழுதிய பதிலை இங்கே எழுத முடியாது.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, காலையிலேயே அந்த அம்மாவை செனாயில் ஏற்றிக்கொண்டு விடுதிக்குப் போனேன். வாசலில் ஆலோசனை நிறுவனத்து அட்டையைக் காட்டி, இடம் மாற்றிய மரங்கள் பிழைத்திருக்கின்றனவா என்று பார்க்க வந்திருக்கிறோம் என்றேன். என் வேலைக்கு இருக்கிற ஒரே வசதி, எங்கேயும் தலையில் தொப்பி மாட்டிக்கொண்டு நுழைந்துவிடலாம். பாதுகாவலர் இந்த முறை அவருக்கும் சலாம் வைத்தார்.

நுழைவுப் பாதையின் இரண்டு பக்கமும் கெம்போஜாக்கள் நின்றன. ஒழுங்காக, சம இடைவெளியில், ஒவ்வொன்றின் காலடியிலும் கூழாங்கல் பரப்பி. பூத்திருந்தன. என் தகடுகளை யாரும் பிடுங்கவில்லை. அந்த அம்மா ஒவ்வொரு மரமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். ஒரு மரத்தின் முன்னால் நின்றார். அது அடியிலேயே இரண்டாகப் பிரிந்திருந்தது.

"இதான். மாடு முறிச்சுப் போட்டுச்சு, சின்னதா இருக்கறப்ப. அப்புறம்தான் இப்படி ரெண்டா வந்துச்சு."

தகட்டில் எட்டு என்று இருந்தது. அவர் கூழாங்கல்லைக் கையால் ஒதுக்கி, கொஞ்சம் பால் ஊற்றினார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"மண்ணோட சேத்துத்தானே தூக்கிட்டு வந்தாங்க? அவளும் இதோட வந்துட்டாளா, இல்ல அங்கயே கெடக்குறாளா?"

"தெரியலக்கா."

"அங்க காட்டுங்க. அங்கயும் ஊத்திர்றேன்."

பங்களாவைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனோம். ஓடை வரைக்கும் ஒரே சரிவாகப் புல்தரை. தூரத்தில் ஒரு ஜோடி நாற்காலியில் சாய்ந்து பழச்சாறு குடித்துக்கொண்டிருந்தது. எட்டாம் மரத்தின் இடத்தைக் கருவியில் போட்டு நடந்தேன். அம்மா என் பின்னாலேயே வந்தார். இருபது மீட்டர் என்றது. பத்து, ஆறு, மூன்று. நின்றேன். நின்ற இடத்திலேயே அது ஐந்து என்றது, நான்கு என்றது, மறுபடி மூன்று.

"இதானா மேடம்?"

அந்தக் கருவியை வைத்து எத்தனையோ அறிக்கைகள் எழுதியிருக்கிறேன். அதன் பிழை எவ்வளவு என்று முதல் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டுவிடுவோம், யாரும் படிப்பதில்லை. நூறு ஏக்கர் செம்பனையில் நாலைந்து மீட்டர் யாருக்கு முக்கியம்? ஆமாம், இதுதான் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வந்துவிட்டது. ஆனால் ஒருமுறை தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதித்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

"இது கொஞ்சம் முன்ன பின்ன காட்டும்க்கா. எந்தப் பக்கமும் ஆறேழு காலடி தள்ளி இருக்கலாம்."

"ஆறேழு காலடியா?"

"ஆமா."

அவர் ஓடைப் பக்கம் பார்த்தார், பங்களாப் பக்கம் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் நீட்டி, நடுவில் இடைவெளி விட்டுக் காட்டினார். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை இருக்கிற நீளம், அதோடு ஒரு சாண் கூட.

"எங்க புள்ள இவ்ளோதான்ம்மா."

மேடம் என்பதை விட்டுவிட்டார். நான் கருவியை அணைத்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். அவர் செருப்பைக் கழற்றி, புல்தரை தொடங்கும் சிமெண்ட் ஓரத்தில் வைத்துவிட்டு வந்து, பால் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி ஓர் எட்டு வைத்தார். அடுத்த எட்டுக்குத் தூக்கிய காலை அப்படியே நிறுத்தினார். கீழே பார்த்தார். காலைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, என் காலைப் பார்த்தார். நான் களப்பணிக்குப் போடுகிற கனத்த சப்பாத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

"நீங்க மொதல்ல நவுந்து நில்லுங்கம்மா," என்றார். "மிதிச்சிட்டு நிக்கிறீங்களோ என்னமோ."

நகர வேண்டியதுதான். எந்தப் பக்கம் நகர்வது என்று எனக்குத் தெரியவில்லை.